சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயில் குழந்தைகளின் நுரையீரல் பாதிப்பு

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பது, ஒரே மரபணுவின் பழுதடைந்த படிகளைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றுப் பிறக்கும் குழந்தைக்கு உண்டாகும் அரிய மரபுவழி நோய் ஆகும். இந்நோயில் உடலின் பல சுரப்புகள் நீர்த்தன்மை குன்றிப் பசைபோல் கெட்டியாகின்றன. கணையம், குடல், கல்லீரல், வியர்வைச் சுரப்பிகள், இனப்பெருக்க உறுப்புகள் எனப் பலவும் பாதிக்கப்பட்டாலும், நோயாளிகளின் இறப்புக்கு முதன்மைக் காரணமாக இருந்து வருவது நுரையீரல் பாதிப்பே.

இந்நோயுள்ள குழந்தை பிறக்கும்போது அதன் நுரையீரல் ஏறத்தாழ இயல்பானதாகவே இருக்கிறது. கேடு பிறந்த பின்னரே தொடங்குகிறது. ஆனால் அது தொடங்கும் காலம், முன்பு எண்ணியதைவிட மிகவும் முந்தியது. இருமலோ இரைப்போ ஏதுமின்றி நன்றாகச் சிரித்து விளையாடும் மூன்று மாதக் குழந்தையின் மூச்சுக்குழாய்களிலேயே அழற்சி காணப்படலாம் என்பது கடந்த சில பத்தாண்டு ஆய்வுகளால் தெரியவந்துள்ளது. இந்நோய்க்கான சிகிச்சையின் போக்கை மாற்றியதும் இந்த அறிவே.

பெயரும் வரலாறும்

இந்நோயின் பெயரில் நுரையீரல் இல்லை. 1938 ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் பேபீஸ் மருத்துவமனையில் பணியாற்றிய நோயியலாளர் டோரத்தி ஆண்டர்சன், இறந்த குழந்தைகளின் உடற்கூற்று ஆய்வுகளை ஒப்பிட்டு இதனைத் தனியொரு நோயாக விவரித்தார். கணையத்தில் நீர்ப்பைகளும் நார்த்தழும்புகளும் நிறைந்திருந்ததால், 'கணையத்தின் நீர்ப்பை நார்த்திசு நோய்' என்னும் பொருளில் அவர் இட்ட பெயரே சுருங்கி இன்று வழங்குகிறது. அக்குழந்தைகளின் நுரையீரல்களில் கண்ட சீழும் சிதைவும் ஊட்டக் குறைவின் விளைவாக இருக்கலாம் என்றே அன்று கருதப்பட்டது.

1948 ஆம் ஆண்டின் கோடையில் நியூயார்க்கைக் கடும் வெப்ப அலை தாக்கியபோது, உடல் நீரிழந்து மயங்கி மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் இந்நோயுள்ளோர் வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருந்தனர். இதன் காரணத்தைத் தேடிய பால் டி சான்ட் ஆக்னீஸ், அவர்களின் வியர்வையில் உப்பு மிகுதியாக இருப்பதை 1953 இல் வெளியிட்டார். நெற்றியில் முத்தமிடும்போது உப்புக்கரிக்கும் குழந்தை நெடுநாள் வாழாது என்றொரு பழைய நம்பிக்கை ஐரோப்பாவில் உண்டு. அதன் பின்னால் இருந்தது இந்நோயே எனப் பலரும் கருதுகின்றனர். வியர்வை நாளங்களின் சுவர் குளோரைடு அயனியை உட்புக விடுவதில்லை என்பதை 1983 இல் நிறுவியவர் பால் குவின்டன். இவர் தாமே இந்நோய் உள்ளவர்.

மரபணுக் காரணம்

இந்நோய்க்குக் காரணமான மரபணு மனிதரின் 7 ஆவது நிறப்புரியில் உள்ளது. டொராண்டோ நகரின் நோயுற்ற குழந்தைகளுக்கான மருத்துவமனையைச் சேர்ந்த லாப்-சீ சுயி, ஜான் ரியோர்டன் ஆகியோரும், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பிரான்சிஸ் காலின்சும் தத்தம் குழுவினருடன் சேர்ந்து 1989 இல் இதனைக் கண்டறிந்தனர். இம்மரபணு உருவாக்கும் புரதம் சி.எஃப்.டி.ஆர். என அழைக்கப்படுகிறது. 1480 அமினோ அமிலங்களால் ஆன இப்புரதம் உயிரணுச் சவ்வில் ஒரு வாயிலாக அமைந்து குளோரைடு, பைகார்பனேட்டு அயனிகளை வெளிவிடுகிறது.

இம்மரபணுவில் 2000க்கும் மேற்பட்ட மாற்றங்கள் பதிவாகியுள்ளன. அவை அனைத்துமே நோயை உண்டாக்குவன அல்ல. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் மிகுதியாகக் காணப்படும் மாற்றத்தில் 508 ஆவது இடத்தில் இருக்கவேண்டிய பினைல்அலனைன் என்னும் ஒரே ஓர் அமினோ அமிலம் விடுபட்டுப் போகிறது. அந்த ஒன்று இல்லாததால் புரதம் சரியாக மடிவதில்லை. உயிரணு அதனைப் பழுதான சரக்கு எனக் கண்டு, சவ்வை அடையுமுன்னரே அழித்துவிடுகிறது.

நோய் ஒடுங்கு பண்பாகக் கடத்தப்படுகிறது. ஒரு படி மட்டும் பழுதானவர்கள் நலமாகவே வாழ்கின்றனர். தாம் கடத்துநர் என்பதையே பெரும்பாலும் அறிவதில்லை. கடத்துநர் இருவர் மணந்துகொண்டால் ஒவ்வொரு கருவுறுதலின்போதும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் 25 பேரில் ஒருவர் கடத்துநர் என்றும், 2500 முதல் 3500 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு நோய் உண்டாகிறது என்றும் கணிக்கப்பட்டுள்ளது.

மூச்சுக்குழாயில் நிகழ்வது என்ன

நலமான ஒருவரின் மூச்சுக்குழாய்ச் சுவரின் உட்புறத்தை மிக மெல்லிய நீர்ப்படலம் ஒன்று நனைத்துக்கொண்டிருக்கிறது. குற்றிழைகள் எனப்படும் நுண்ணிய மயிர்போன்ற உறுப்புகள் அதில் மூழ்கி இடைவிடாது துடிக்கின்றன. அவற்றின் மேல் சளி ஒரு விரிப்புப்போல் மிதக்கிறது. மூச்சுடன் உள்ளே வரும் தூசியும் கிருமியும் சளியில் ஒட்டிக்கொள்ள, குற்றிழைகள் அந்த விரிப்பைத் தொண்டை நோக்கித் தள்ளுகின்றன. நாம் அறியாமலே விழுங்கிவிடும் சளி இவ்வாறு நாள்தோறும் மேலேறி வருவதே. சளி என்றாலே நோய் என்னும் பொதுவான எண்ணம் சரியன்று. நுரையீரலைத் தூய்மையாக வைத்திருப்பதே அதன் வேலை.

சி.எஃப்.டி.ஆர். வாயில் செயல்படாதபோது இந்த ஏற்பாடு குலைகிறது. குளோரைடு வெளிவராததால் அதனைத் தொடர்ந்து வரவேண்டிய நீரும் வருவதில்லை. நீர்ப்படலம் வற்ற, குற்றிழைகள் சளியின் எடையில் நசுங்கி அசைய முடியாமல் போகின்றன என்பது ஒரு விளக்கம். பைகார்பனேட்டு இல்லாததால் படலம் அமிலத்தன்மை அடைந்து, அதிலுள்ள இயற்கையான கிருமிக்கொல்லிப் பொருட்கள் வலுவிழக்கின்றன. சளியும் சரியாக விரியாமல் சுரப்பியின் வாயிலேயே ஒட்டிக்கொள்கிறது என்பது மற்றொன்று. இரண்டில் எது முதலில் நிகழ்கிறது என்பதில் ஆய்வாளரிடையே நீண்ட விவாதம் உண்டு. இரண்டுமே பங்கு வகிப்பதாகக் கொள்வது பொருந்தும்.

இவ்விவாதத்தில் பன்றிக்குட்டிகளின் பங்கு பெரிது. இம்மரபணு நீக்கப்பட்ட எலிகள் 1992 முதலே உருவாக்கப்பட்டிருந்தும், மனிதரைப் போன்ற நுரையீரல் நோய் அவற்றுக்கு வரவில்லை. 2008 இல் அயோவா, மிசௌரி பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் இம்மரபணு இல்லாத பன்றிகளை உருவாக்கினர். பிறந்த சில மணி நேரங்களில் அக்குட்டிகளின் நுரையீரல்களில் அழற்சி ஏதும் இல்லை. ஆயினும் உட்செலுத்திய பாக்டீரியாக்களை நலமான குட்டிகளைப் போல் அவற்றால் அகற்ற முடியவில்லை. மாதங்கள் செல்லச் செல்ல மனிதக் குழந்தைகளுக்கு வரும் அதே நோய் அவற்றுக்கும் வந்தது. நுரையீரலில் காப்பின்மையே முதலில் உள்ளது, தொற்றும் அழற்சியும் பின்னரே வருகின்றன என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று.

சிறு குழந்தைகளுக்கு இது பெருங்கேடாவதற்கு இயற்பியலும் ஒரு காரணம். சீராகப் பாயும் காற்றுக்குக் குழாய் தரும் தடை, அதன் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. அதாவது ஆரம் பாதியானால் தடை பதினாறு மடங்காகும். பெரியவரின் மூச்சுக்குழாயில் பொருட்படுத்தத் தேவையில்லாத ஒரு மெல்லிய சளிப்பூச்சு, கைக்குழந்தையின் நுண்குழாயை அடைத்துவிடப் போதுமானது.

அடைப்பைத் தொடர்ந்து வருவது ஒரு நச்சுச் சுழற்சி. தேங்கிய சளியில் கிருமிகள் தங்குகின்றன. அவற்றைக் கொல்ல நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் திரள்கின்றன. அவை வெளியிடும் எலாஸ்டேஸ் என்னும் நொதி கிருமியை மட்டுமல்லாமல் மூச்சுக்குழாய்ச் சுவரின் மீள்நார்களையும் அரிக்கிறது. இறந்த வெள்ளையணுக்களிலிருந்து சிந்தும் நீண்ட டி.என்.ஏ. இழைகள் சளியை மேலும் இறுக்குகின்றன. சுவர் வலுவிழந்த குழாய்கள் நிலையாக விரிந்து, சளி தேங்கும் பைகளாகின்றன. மூச்சுக்குழாய் விரிவு எனப்படும் இந்நிலை ஒருமுறை முற்றிவிட்டால் பெரும்பாலும் மீள்வதில்லை.

முதல் மூன்று ஆண்டுகள்

ஆத்திரேலியாவின் பெர்த், மெல்பர்ன் நகரங்களில், பிறந்தவுடன் செய்யும் பரிசோதனையால் நோய் கண்டறியப்பட்ட குழந்தைகளை ஒரு குழுவினர் மூன்று மாத வயதிலிருந்தே தொடர்ந்து ஆராய்ந்தனர். சி.டி. ஸ்கேன் எடுத்ததுடன், நுரையீரலைச் சிறிதளவு உப்புநீரால் கழுவி அந்நீரையும் சோதித்தனர். 127 குழந்தைகளைக் கொண்ட இவ்வாய்வின் முடிவுகள் 2013 இல் வெளியாயின. மூன்று மாதத்தில் சுமார் 29 விழுக்காட்டுக் குழந்தைகளிடமும், மூன்று வயதில் சுமார் 61 விழுக்காட்டினரிடமும் மூச்சுக்குழாய் விரிவு காணப்பட்டது. மூன்று மாதக் குழந்தையின் கழுவுநீரில் எலாஸ்டேஸ் செயல்பாடு தென்பட்டால், அக்குழந்தைக்குப் பிற்காலத்தில் நிலையான மூச்சுக்குழாய் விரிவு வரும் வாய்ப்பு கூடுதல் என்பதும் அறியப்பட்டது.

இவ்வாய்வு அசைத்தது ஒரு பழைய நம்பிக்கையை. குழந்தை நன்றாக எடை கூடி, இருமாமல் இருந்தால் நுரையீரலும் நன்றாக இருக்கிறது என்றே மருத்துவர்களும் பெற்றோரும் முன்பு எண்ணிவந்தனர். நுண்குழாய்களில் தொடங்கும் அடைப்பை வெளியிலிருந்து உணர முடியாது. அக்குழாய்களின் எண்ணிக்கை மிகுதி என்பதால் பல அடைபட்டாலும் மூச்சு தடைபட்டதாகத் தெரிவதில்லை. இருமல் வெளிப்படும்போது நோய் புதிதாக வந்ததாகத் தோன்றும்; உண்மையில் அது பழையது.

கிருமிகள்

முதல் ஆண்டுகளில் பெரும்பாலும் காணப்படுபவை ஸ்டைஃபிலோகாக்கஸ் ஆரியஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சா ஆகிய பாக்டீரியாக்கள். சாதாரணத் தடிமனை உண்டாக்கும் வைரசுகளும், குறிப்பாக ஆர்.எஸ்.வி. வைரசும், இக்குழந்தைகளைப் பிற குழந்தைகளைவிடக் கடுமையாகத் தாக்குகின்றன.

மருத்துவர்கள் மிகவும் அஞ்சுவது சூடோமோனாஸ் ஏருஜினோசாவை. மண்ணிலும் தேங்கிய நீரிலும் ஈரமான குழாய்களிலும் வாழும் இக்கிருமி நலமானவர்களின் நுரையீரலில் தங்குவதில்லை. இந்நோயாளியிடம் நுழையும்போது முதலில் எளிய வடிவில் இருக்கும், மருந்துக்குக் கட்டுப்படும். காலப்போக்கில் ஆல்ஜினேட்டு என்னும் வழவழப்பான பொருளால் தன்னைப் போர்த்திக்கொண்டு உயிர்ப்படலமாக மாறுகிறது. அதன்பின் நுண்ணுயிர் எதிர்ப்பிகளால் அதனை அடக்கலாமே தவிர வேரறுப்பது மிகக் கடினம். ஆகவே முதல் முறை தென்பட்டவுடனேயே அதனை ஒழித்துவிட முயல்வதே இன்றைய நெறி. உள்ளிழுக்கும் கோலிஸ்டினையும் வாய்வழியாகத் தரும் சிப்ரோஃப்ளாக்சசினையும் தொடக்கத்திலேயே கொடுத்தால் நாட்பட்ட தொற்றைப் பெருமளவு தடுக்கலாம் என 1991 இல் கோபன்ஹேகன் மருத்துவர்கள் காட்டினர். 28 நாள் டோப்ராமைசின் ஆவியும் இதற்கெனப் பரவலாகப் பயன்படுகிறது.

பர்கோல்டேரியா செபாசியா வகைக் கிருமிகள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றி, சிலரை விரைவில் மரணத்துக்கு இட்டுச்செல்பவை. இந்நோயுள்ள குழந்தைகளுக்காக வட அமெரிக்காவில் நடத்தப்பட்டுவந்த கோடை முகாம்களில் இது பரவியது தெரிந்ததும் 1990களில் அம்முகாம்கள் கைவிடப்பட்டன. இன்றும் மருத்துவமனைகளில் இக்குழந்தைகள் தனித்தனியாகவே வைக்கப்படுகின்றனர். ஒரே நோயுள்ள இரு சிறுவர்கள் அருகமர்ந்து விளையாட இயலாது என்பது இந்நோயின் கொடுமைகளுள் ஒன்று.

அறிகுறிகளும் பிற சிக்கல்களும்

நீங்காத ஈர இருமல், இரைப்பு, அடிக்கடி வரும் நுரையீரல் அழற்சி, வேகமான மூச்சு, எடை கூடாமை ஆகியன குழந்தைகளிடம் காணப்படும் பொதுவான அறிகுறிகள். சளிக்கட்டி ஒரு கிளைக்குழாயை முழுதும் அடைக்க, அதற்கு அப்பாலுள்ள நுரையீரல் பகுதி காற்றிழந்து சுருங்கலாம். சிறு குழந்தைகளில் இது வலப்புற மேல்மடலில் மிகுதி. ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைக்கு எதிரான ஒவ்வாமை சற்று வளர்ந்த குழந்தைகளிடம் தோன்றி ஆஸ்துமாவைப் போல் ஏமாற்றும். இருமலில் குருதி வருதல், நுரையீரலுக்கு வெளியே காற்று கசிந்து தேங்குதல் போன்றவை பொதுவாக வளரிளம் பருவத்திலும் அதன் பின்னருமே நேர்கின்றன.

உணவுக்கும் நுரையீரலுக்கும் உள்ள உறவு இந்நோயில் மிக நெருக்கமானது. பெரும்பாலான குழந்தைகளின் கணையச் சாறு குடலை அடைவதில்லை; உண்ட கொழுப்பு செரிக்காமல் எண்ணெய்ப்பசையுள்ள மலமாக வெளியேறுகிறது. மெலிந்த குழந்தையால் தொற்றை எதிர்க்க முடிவதில்லை. தொற்றோ பசியைக் கெடுத்து மேலும் மெலிவிக்கிறது. கணைய நொதி மாத்திரைகளும் கொழுப்பு நிறைந்த உணவும் நுரையீரல் சிகிச்சையின் பகுதியாகவே கருதப்படுகின்றன.

கண்டறிதல்

வியர்வைச் சோதனையே இன்றும் அடிப்படைச் சோதனை. பைலோகார்பின் என்னும் மருந்தைச் சிறிய மின்னோட்டத்தால் தோலுக்குள் செலுத்தி வியர்வை சுரக்கச் செய்யும் முறையை 1959 இல் கிப்சன், குக் ஆகியோர் வகுத்தனர். வியர்வையில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்குமேல் இருப்பது நோயைக் குறிக்கும். 30க்குக் கீழ் இருந்தால் நோய் இருக்கும் வாய்ப்புக் குறைவு. பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து எடுத்து உலர்த்திய குருதித் துளியில் டிரிப்சினோஜன் அளவைக் காணும் முறை நியூசிலாந்தில் 1979 இல் வெளியிடப்பட்டது. நாடு தழுவிய பரிசோதனைகள் இதனாலேயே இயன்றன. பிரித்தானியாவில் 2007 முதலும், ஐக்கிய அமெரிக்காவின் அனைத்து மாநிலங்களிலும் 2010 முதலும் இது நடைமுறையில் உள்ளது.

நுரையீரலின் நிலையை அளப்பது வேறொரு சிக்கல். வலிந்து ஊதும் மூச்சுச் சோதனையை ஐந்தாறு வயதுக்குட்பட்ட குழந்தைகளால் சரியாகச் செய்ய இயலாது. செய்ய முடிந்த வயதிலும் நுண்குழாய் அடைப்பை அது எளிதில் காட்டுவதில்லை. இயல்பாக மூச்சுவிடும்போதே, நுரையீரலில் உள்ள ஒரு வளிமம் முழுதும் வெளியேற எத்தனை சுற்று காற்று தேவைப்படுகிறது என அளக்கும் முறை இதனினும் நுட்பமானது. சளியைப் பெறுவதும் கடினம். சிறு குழந்தைகள் துப்புவதில்லை, விழுங்கிவிடுகின்றனர். எனவே தொண்டையில் பஞ்சு தடவி எடுத்த மாதிரியைக் கொண்டே கிருமியை ஊகிக்க வேண்டியுள்ளது.

இந்தியாவில் இந்நோய் இல்லை என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1960களிலிருந்து நோயாளிகள் பதிவாகியுள்ளனர். அனைத்துக் குழந்தைகளுக்குமான பிறப்புப் பரிசோதனை இங்கு இல்லாமையாலும், வியர்வைச் சோதனை சில பெரிய மையங்களிலேயே கிடைப்பதாலும் பலர் காலம் கடந்தே கண்டறியப்படுகின்றனர். நாட்பட்ட இருமலும் மெலிவும் உள்ள குழந்தைக்குக் காசநோய், ஆஸ்துமா, ஊட்டக்குறைவு என்று முடிவு செய்வது எளிது. அவை இங்கு மிகுதி என்பதே காரணம். மாதக்கணக்கில் காசநோய் மருந்து உண்டும் தேறாத குழந்தைகளுக்குப் பின்னர் இந்நோய் இருப்பது தெரியவந்ததுண்டு. வெப்பமான பருவத்தில் உப்பையும் நீரையும் இழந்து தளர்ந்துவிடும் கைக்குழந்தைகளும் இங்கு ஒரு தனிக்குறிப்பு. விலையுயர்ந்த கருவி இன்றி வியர்வையைச் சேகரித்துச் சோதிக்க, தில்லியின் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழக மருத்துவர்கள் உள்நாட்டு முறை ஒன்றை உருவாக்கி 2002 இல் வெளியிட்டனர்.

சிகிச்சை

சிகிச்சையின் முதுகெலும்பு அன்றாட உழைப்பு. மார்பையும் முதுகையும் குவித்த கையால் தட்டிச் சளியை நெகிழச் செய்தல், எதிரழுத்தம் தரும் முகமூடி வழியே மூச்சுவிடச் செய்தல் எனப் பல முறைகள் உள்ளன. கைக்குழந்தையைத் தலைகீழாகச் சாய்த்துத் தட்டும் பழைய வழக்கம், வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலுக்குள் செல்ல வாய்ப்பளிப்பதால் கைவிடப்பட்டுள்ளது. வளரும் குழந்தையை ஓடியாட விடுவதும் சளியகற்றும் முறையே. நாள் தவறாமல் இதனைச் செய்யும் சுமை பெற்றோரையே, பெரும்பாலும் தாயையே சேர்கிறது.

1993 இல் ஒப்புதல் பெற்ற டோர்னேஸ் ஆல்ஃபா என்னும் நொதி, சளியிலுள்ள டி.என்.ஏ. இழைகளை வெட்டி அதனை நெகிழ்விக்கிறது. 7 விழுக்காட்டு உப்புநீர் ஆவி நீரை மூச்சுக்குழாய்க்குள் இழுத்துத் தருகிறது. இது மலிவானது என்பதும் குறிப்பிடத்தக்கது. மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு இதனால் பயன் உண்டு என 2019 இல் ஒரு சோதனை காட்டியது. அசித்ரோமைசினைக் கைக்குழந்தைப் பருவம் முதல் மூன்று வயது வரை கொடுத்துப் பார்த்த ஆத்திரேலிய, நியூசிலாந்துச் சோதனையின் முடிவு 2022 இல் வெளிவந்தது. அழற்சியும் மருத்துவமனையில் சேரவேண்டிய நாட்களும் குறைந்தன. ஆனால் மூச்சுக்குழாய் விரிவை அம்மருந்தால் தடுக்க முடியவில்லை.

மேற்கூறிய அனைத்தும் விளைவுகளுக்கான மருந்துகள். பழுதான புரதத்தையே சீர்செய்யும் முதல் மருந்தான ஐவாகாஃப்டர் 2012 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மூடிக்கிடக்கும் வாயிலை அது திறக்கிறது. ஆனால் அதனால் பயனடைவோர் சிலரே. எலெக்சாகாஃப்டர், டெசாகாஃப்டர், ஐவாகாஃப்டர் ஆகிய மூன்றும் சேர்ந்த கூட்டுமருந்து, 508 ஆம் இடப் பிழையுள்ள புரதத்தை மடித்துச் சவ்வுக்குக் கொண்டுசேர்க்க உதவுகிறது. 2019 இல் 12 வயதுக்கு மேற்பட்டோருக்கும், 2021 இல் ஆறு வயது முதலும், 2023 இல் இரண்டு வயது முதலும் இதற்கு அங்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. ஐவாகாஃப்டரை மட்டும் 2023 முதல் ஒரு மாதக் குழந்தைக்கும் தரலாம். கேடு தொடங்கும் வயதை நோக்கி மருந்தின் வயது வரம்பு இறங்கிவருவதை இவ்வாண்டுகள் காட்டுகின்றன. மரபணு மாற்றம் செய்த ஃபெரட் என்னும் விலங்குகளில் கருவிலிருந்தே ஐவாகாஃப்டர் கொடுத்தபோது பல உறுப்புகளும் காக்கப்பட்டதாகவும், மருந்தை நிறுத்தியதும் நுரையீரல் நோய் தலைகாட்டியதாகவும் 2019 இல் ஓர் ஆய்வு தெரிவித்தது.

1950களில் இந்நோயுள்ள குழந்தை பள்ளிக்குச் செல்லும் வயதை எட்டுவதே அரிதாக இருந்தது. ஐக்கிய அமெரிக்காவில் அண்மை ஆண்டுகளில் பிறந்த நோயாளிகளுக்குக் கணிக்கப்படும் இடைநிலை ஆயுள் 60 ஆண்டுகளைக் கடந்துள்ளது. இப்பயன் எல்லோரையும் எட்டவில்லை. கூட்டுமருந்து ஐக்கிய அமெரிக்காவில் அறிமுகமானபோது அதன் பட்டியல் விலை ஆண்டுக்கு மூன்று இலட்சம் டாலருக்கு மேல். புரதத்தைத் தொடக்கத்திலேயே துண்டித்துவிடும் மரபணு மாற்றங்கள் உள்ள குழந்தைகளிடம் சீர்செய்யப் புரதமே இல்லாததால் இம்மருந்துகள் அவர்களுக்குப் பயன்படுவதில்லை. 508 ஆம் இடப் பிழை ஐரோப்பாவைவிட இந்தியாவில் குறைவு. ஆகையால் இங்குள்ள ஒரு குழந்தைக்கு இம்மருந்து பொருந்துமா என்பதை மரபணுச் சோதனை செய்து பார்த்தே சொல்ல முடியும்.